பேச்சு முறியும் இடங்கள்: பள்ளித் தலைமையில் இருப்பவருக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

பள்ளித் தலைமைப் பொறுப்புக்கு வந்த முதல் சில ஆண்டுகளில், கடினமான பேச்சு ஒவ்வொன்றும் ஒரு தனி விபத்து என்றே நினைத்தேன். ஓர் ஆசிரியர் அழுதுகொண்டே வெளியேறினார். ஒரு பெற்றோர் மேசையைத் தட்டினார். இன்னொருவர் எல்லாவற்றுக்கும் "சரி சார்" என்று தலையாட்டிவிட்டு மறுநாளும் தாமதமாகவே வந்தார். பிறகு ஒரு நோட்டில் குறித்துவைக்க ஆரம்பித்தேன்: நான் முதலில் என்ன சொன்னேன், எந்த இடத்தில் பேச்சு திசை மாறியது, அடுத்த வாரம் என்ன நடந்தது. நோட்டு பாதி நிரம்பும்போதே தெரிந்துவிட்டது, ஏழெட்டுப் பழுதுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றின் காரணம் எதிரில் உட்கார்ந்தவரிடம் இல்லை. அவர் உள்ளே வருவதற்கு முன் நான் செய்யாமல் விட்ட ஒரு சின்ன வேலையில் இருந்தது.

அதனால்தான் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் எளிய காரணத்தை முதலிலும், அதிக விலை கொடுக்க வேண்டிய காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். விலை என்றால் இங்கே நேரம், உறவு, சில சமயம் ஒருவருடைய வேலை. வரிசையை மாற்றாதீர்கள். "இவருடைய மனப்பான்மையே சரியில்லை" என்பது எப்போதும் கடைசியில் சோதிக்க வேண்டிய காரணம். நமக்கோ அதுதான் முதலில் தோன்றுகிறது.

ஒரு குழந்தையின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டிருந்தால் இந்த வரிசை எதுவும் பொருந்தாது. நேரே கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில்: ஐந்து நிமிடச் சோதனை

ஒரு தாளை எடுத்து, சொல்ல வேண்டிய விஷயத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். "ஏழாம் வகுப்பு நோட்டுகள் ஐந்து வாரமாகத் திருத்தப்படவில்லை" என்பது வாக்கியம். "இவருக்கு அக்கறை இல்லை" என்பது தீர்ப்பு. எழுத வரவில்லையென்றால் நீங்கள் இன்னும் பேசத் தயாராகவில்லை.

எழுதிய வாக்கியத்துக்குப் பக்கத்தில் "பார்த்தேன்" அல்லது "கேள்விப்பட்டேன்" என்று குறியுங்கள். கேள்விப்பட்டதாக இருந்தால் முதலில் போய்ப் பாருங்கள், பதிவேட்டைப் புரட்டுங்கள், வகுப்பில் பத்து நிமிடம் உட்காருங்கள். பார்க்க வழியே இல்லாத விஷயமென்றால், அதைக் குற்றச்சாட்டாகக் கொண்டுபோகாமல் கேள்வியாகக் கொண்டுபோங்கள்: "இப்படி ஒன்று என் காதுக்கு வந்தது. என்ன நடந்தது என்று உங்களிடமே கேட்கிறேன்."

அடுத்து இடமும் நேரமும். வராந்தா வேண்டாம். வகுப்புக்குப் போகும் வழியில் வேண்டாம். காலையில் முதல் பீரியடுக்கு முன் சொல்லிவிட்டால், அவர் அந்தக் கனத்தோடு நாள் முழுக்கப் பிள்ளைகள் முன் நிற்க வேண்டியிருக்கும். "நாளைக்கு என்னை வந்து பாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது அதைவிட மோசம், அவர் அன்றிரவு தூங்க மாட்டார். அழைக்கும்போதே எதைப் பற்றி என்று சொல்லிவிடுங்கள். முடிந்தால் அன்றே பேசுங்கள்.

கடைசியாக, இந்தப் பேச்சு முடிந்த பிறகு எது மாறியிருக்க வேண்டும்? பதில் "அவர் தன் தவறை உணர வேண்டும்" என்பதாக இருந்தால் திரும்ப யோசியுங்கள். உணர்ந்தாரா என்று உங்களால் பார்க்க முடியாது. நோட்டு திருத்தப்பட்டதா என்று பார்க்க முடியும்.

அறிகுறி 1: பேச வேண்டும் என்று தெரியும், தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்

*முதல் வாக்கியம் கையில் இல்லை.* பெரும்பாலும் இதுதான். மேலே சொன்ன வாக்கியத்தை எழுதி, கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் சொல்வது வேறு, வாயால் சொல்வது வேறு. எந்த வார்த்தையில் தடுக்குகிறதோ அந்த வார்த்தை பெரும்பாலும் தவறான வார்த்தை.

*அவர் உங்கள் நண்பர், நேற்றுவரை பக்கத்து நாற்காலியில் இருந்தவர்.* அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "இதை உங்களிடம் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் இந்த நாற்காலியில் இருந்துகொண்டு சொல்லாமல் இருக்க முடியாது." அதற்குமேல் முன்னுரை வேண்டாம்.

*இரண்டு ஆண்டாக நீங்களே கண்டும் காணாமல் விட்டிருக்கிறீர்கள்.* இது கொஞ்சம் விலை கூடியது, ஏனென்றால் உங்கள் பங்கை ஒப்புக்கொள்ள வேண்டும். "இதைப் போன வருடமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தவறு. அதனால் பழையதை எண்ணப் போவதில்லை, இன்றிலிருந்து பார்க்கலாம்." இப்படி ஆரம்பித்த பேச்சுகளில் எதிர்ப்பு பாதியாகக் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

*அவரைக் கண்டு உண்மையாகவே பயமாக இருக்கிறது.* முன்பு மிரட்டியிருக்கிறார், அல்லது செல்வாக்குள்ளவர். இங்கே தைரியம் வரும் என்று காத்திருப்பது வழியில்லை. மேலதிகாரியிடமோ நிர்வாகத்திடமோ முன்கூட்டியே தெரிவித்து, ஒரு துணையோடு உட்காருங்கள்.

எனக்கு நானே வைத்துக்கொண்ட கெடு மூன்று வேலை நாள். அதற்குள் பேசவில்லையென்றால் வேறொரு பள்ளியின் தலைமை ஆசிரியரை அழைத்து, பெயரைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொல்வேன். இன்னொருவரிடம் விளக்க ஆரம்பித்ததும் தயக்கத்தின் காரணம் தானாக வெளியே வந்துவிடும்.

அறிகுறி 2: "சரி சார்" என்றார், ஆனால் எதுவும் மாறவில்லை

என் நோட்டில் அதிகப் பக்கங்களைப் பிடித்தது இதுதான். சத்தம் இல்லை, சண்டை இல்லை என்பதால் பேச்சு நன்றாக முடிந்ததாகவே தோன்றும். மூன்று வாரம் கழித்துத்தான் பழுது தெரியும்.

*காரணம் ஒன்று: செய்தி போய்ச் சேரவே இல்லை.* ஒருமுறை நோட்டுத் திருத்தாத ஓர் ஆசிரியரை அழைத்துப் பேசினேன். அவருடைய பாடம் நடத்தும் திறமையை, பிள்ளைகள் அவர்மேல் வைத்திருக்கும் அன்பை எல்லாம் சொல்லிவிட்டு, நடுவில் "அந்த நோட்டு விஷயத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றேன். அப்புறம் மறுபடியும் பாராட்டு. அவர் மகிழ்ச்சியோடு போய் ஆசிரியர் அறையில், தலைமை ஆசிரியர் கூப்பிட்டுப் பாராட்டினார் என்று சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. நான் சொன்னதில் எண்பது சதவீதம் பாராட்டுதான்.

சோதனை: பேச்சு முடியும்போது "நாம் என்ன முடிவு செய்தோம் என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள், நான் தெளிவாகச் சொன்னேனா என்று பார்த்துக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். அவர் சொல்வதில் நோட்டு வரவில்லையென்றால் நீங்கள் சொல்லவில்லை என்று பொருள். சரிசெய்யும் வழி, விஷயத்தை முதல் நிமிடத்திலேயே சொல்வது. பாராட்டு உண்மையானதென்றால் அதற்கு வேறொரு நாள் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். இரண்டையும் கலந்தால் இரண்டும் கெட்டுவிடுகிறது, அடுத்த முறை நீங்கள் மனதாரப் பாராட்டும்போதுகூட அவர் "ஆனால்" எப்போது வரும் என்று காத்திருப்பார்.

*காரணம் இரண்டு: எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை.* "கொஞ்சம் கவனமாக இருங்கள்", "பொறுப்போடு நடந்துகொள்ளுங்கள்" ஆகியவற்றை யாராலும் செய்ய முடியாது. "இந்த மாதம் முடிவதற்குள் ஏழாம் வகுப்பின் இரண்டு பிரிவு நோட்டுகளும், அதற்குப் பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை" என்பதைச் செய்ய முடியும். எந்த வேலை, எத்தனை, எந்தத் தேதி, யார் பார்ப்பார்கள் என்ற நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அவரைப் பற்றிப் பேசாமல் வேலையைப் பற்றிப் பேசச் சொல்வது நாகரிகத்துக்காக மட்டுமல்ல. அவ்ரஹாம் க்ளூகர், ஆஞ்செலோ டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996-ல் பின்னூட்டம் பற்றிய பழைய ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட 600-க்கும் மேற்பட்ட அளவீடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவற்றில், பின்னூட்டம் வேலையை மோசமாக்கியிருந்தது. கவனம் வேலையிலிருந்து விலகி ஆளின்மேல் போகும்போது பயன் குறைகிறது என்பது அவர்கள் கண்டது. நாம் நல்லெண்ணத்தோடு சொன்னோம் என்பது மட்டும் போதாது.

*காரணம் மூன்று: வெளியே போவதற்காக ஒப்புக்கொண்டார்.* உங்கள் காரணம் அவருக்குக் காரணமாகப் படவில்லை, ஆனால் எதிர்த்துப் பேச இடம் இல்லை. சோதனைக் கேள்வி: "நான் சொன்னதில் உங்களுக்குச் சரியாகப் படாதது எது?" "சரியாகப் படுகிறதா?" என்று கேட்காதீர்கள், அதற்கு "படுகிறது சார்" என்ற பதில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. ஏதோ ஒன்று சரியில்லாமல் இருக்கும் என்று நீங்களே எடுத்துக்கொண்டு கேட்டால்தான் வாய் திறக்கும். நோட்டு ஆசிரியரிடம் இப்படிக் கேட்டபோது, "நான் திருத்திக் கொடுப்பதைப் பிள்ளைகள் பார்ப்பதே இல்லை சார், அதனால்தான் வகுப்பிலேயே வாய்விட்டுச் சொல்கிறேன்" என்றார். அதில் நியாயம் இருந்தது. நோட்டு முழுவதையும் திருத்துவதற்குப் பதில் வாரம் ஒரு பயிற்சியை மட்டும் திருத்தி, பிள்ளைகள் அதைப் பார்த்துத் திருப்பி எழுதுவது என்று முடிவு செய்தோம். அது நடந்தது.

*காரணம் நான்கு: அவரால் முடியவில்லை.* தெரியவில்லையா, நேரம் இல்லையா, வீட்டில் ஏதாவதா என்று பிரித்துப் பாருங்கள்.

தெரியவில்லையென்றால்: எத்தனை முறை பேசினாலும் தெரியாதது தெரியப் போவதில்லை. அதே வேலையை நன்றாகச் செய்யும் ஓர் ஆசிரியரின் வகுப்பில் உட்கார வையுங்கள்.

நேரம் இல்லையென்றால்: கால அட்டவணையைக் கையில் எடுத்து, அவருக்கு எத்தனை பீரியட், அதற்குமேல் நீங்களே கொடுத்த கூடுதல் வேலைகள் எத்தனை என்று எண்ணுங்கள். விழா, தேர்வுப் பொறுப்பு, வருகைக் கணக்கு என்று நல்ல ஆசிரியர் தலையில்தான் நாம் எல்லாவற்றையும் வைக்கிறோம்.

வீட்டுப் பிரச்சினையென்றால்: எவ்வளவு சொல்ல விருப்பமோ அவ்வளவு மட்டும் கேளுங்கள். தற்காலிக ஏற்பாடு செய்யுங்கள், முடியும் தேதியோடு. தேதி இல்லாத சலுகை ஆறு மாதத்தில் மற்ற ஆசிரியர்களின் குறையாகத் திரும்பி வரும்.

*காரணம் ஐந்து: முடியும், தெரியும், ஆனால் செய்ய விருப்பமில்லை.* முதல் நான்கையும் சோதித்த பிறகுதான் இங்கே வர வேண்டும். தெளிவாக இரண்டு முறை பேசியாகிவிட்டது, தேதிகள் எழுதப்பட்டிருக்கின்றன, உதவியும் கொடுத்தாகிவிட்டது என்றால் மூன்றாவது முறை அதே அறையில் அதே பேச்சு வேண்டாம். அது எழுத்துக்கு மாற வேண்டிய இடம். மெமோ எழுதுவதற்கு முன் நிர்வாகத்திடமும், பணி விதிகள் தெரிந்தவரிடமும் கேளுங்கள். இந்தக் கட்டத்தில் நாமாக எழுதும் ஒரு தவறான வார்த்தை, நியாயமான நடவடிக்கையைக்கூடச் செல்லாததாக்கிவிடும்.

அறிகுறி 3: எதிரில் இருப்பவர் அழுகிறார், அல்லது வாயே திறக்கவில்லை

*அழுதால்:* நிறுத்துங்கள். தண்ணீர் கொடுங்கள். "வேண்டுமானால் சற்று நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், நான் இருக்கிறேன்" என்பது போதும். அவசரப்பட்டு "பரவாயில்லை விடுங்கள், பெரிய விஷயமில்லை" என்று சொன்ன விஷயத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளாதீர்கள். நான் அதைப் பலமுறை செய்திருக்கிறேன். அந்த நொடியில் இரக்கம் மாதிரி இருக்கும், ஆனால் அடுத்த வாரம் அதையே மறுபடியும் சொல்ல வேண்டி வரும், அவர் மறுபடியும் அழ வேண்டி வரும். பத்து நிமிடத்தில் பேச முடியாத நிலையென்றால் மறுநாள் இன்ன நேரம் என்று குறித்துவிட்டு, அவருடைய அடுத்த வகுப்புக்கு வேறொருவரை அனுப்புங்கள்.

*மௌனமாக இருந்தால்:* முதலில் உங்கள் பொறுமையைச் சோதியுங்கள். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வெளியிட்ட வகுப்பறை ஆய்வுகள் நம் தொழிலில் பலருக்கும் தெரியும். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடியாக்கினாலே மாணவர்களின் பதில்கள் நீளமாகின்றன என்றார் அவர். ஆசிரியர் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாலும் அதே அவசரம்தான் நம்மிடம். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நீங்களே பதிலை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

எண்ணியும் பதில் இல்லையென்றால், ஒருவேளை அவர் அதிர்ச்சியில் இருக்கலாம். "இன்றைக்கு நான் சொன்னது போதும். யோசித்துவிட்டு நாளை மாலை உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள், எழுதிக் கொடுத்தாலும் சரி" என்று முடியுங்கள்.

*"நான் இருந்து என்ன பயன்" என்பது போன்ற பேச்சு வந்தால்:* அது பணி பற்றிய பேச்சு இல்லை. அங்கேயே விஷயத்தை மூடிவிட்டு, தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது. தனியாக விடாதீர்கள், வீட்டாரில் அவர் நம்பும் ஒருவரை வரவழையுங்கள், அன்றே மனநல நிபுணரின் உதவிக்கு வழி செய்யுங்கள். உடனடி ஆபத்து தெரிந்தால் அவசர உதவிதான்.

அறிகுறி 4: "என்னை மட்டும் ஏன் சொல்கிறீர்கள்?"

*அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம்.* பேச்சு தாமதமாக வருவதைப் பற்றியது என்று வைத்துக்கொள்வோம். வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். இதே தாமதத்தை வேறு மூன்று பேர் செய்கிறார்கள், நீங்கள் இவரை மட்டும் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்றால், "நீங்கள் சொல்வது சரி, மற்றவர்களிடமும் இந்த வாரமே பேசுவேன்" என்று சொல்லி, அதைச் செய்துவிட வேண்டும். மற்றவர்களின் பெயரையோ அவர்களோடு என்ன பேசினீர்கள் என்பதையோ இவரிடம் சொல்லக் கூடாது.

*நீங்கள் பயன்படுத்திய வார்த்தை.* "எப்போதும்", "ஒருநாள்கூட", "எல்லாரும் சொல்கிறார்கள்". இந்த மூன்றும் வாயில் வந்தால் பேச்சு உடனே வழக்காடுமன்றம் ஆகிவிடும், அவர் சரியான நேரத்துக்கு வந்த ஒரே ஒரு நாளைச் சொல்லி ஜெயித்துவிடுவார். தேதியைச் சொல்லுங்கள்.

*பிறர் முன்னிலையில் சொல்லிவிட்டீர்கள்.* அப்படியென்றால் அவர் தாமதத்தைப் பற்றிப் பேசவில்லை, மானத்தைப் பற்றிப் பேசுகிறார். அதற்கு முதலில் மன்னிப்புக் கேளுங்கள். எல்லார் முன்னும் சொன்னதற்கு எல்லார் முன்னும் கேட்பதுதான் முறை. அது முடிந்த பிறகு தாமதத்தைப் பற்றித் தனியாகப் பேசலாம்.

*பழைய காயம்.* பதவி உயர்வோ வகுப்பு ஒதுக்கீடோ எதிலோ அவர் உங்களால் பாதிக்கப்பட்டதாக நினைக்கிறார். அதைக் கேட்க வேறு நாள் ஒதுக்குங்கள், ஆனால் நிச்சயம் ஒதுக்குங்கள். இரண்டையும் ஒரே பேச்சில் முடிக்கப் பார்த்தால் தாமதம் காணாமல் போய்விடும். பாகுபாடு என்று ஒரு குறிப்பிட்ட குற்றச்சாட்டாக அவர் சொன்னால் அதை நீங்களே விசாரிக்கக் கூடாது. குற்றச்சாட்டு உங்கள்மேல்தான் என்பதால் மேலே அனுப்புங்கள்.

அறிகுறி 5: பெற்றோர் கத்திக்கொண்டே உள்ளே வருகிறார்

முதலில் செய்ய வேண்டியது, வாசலிலிருந்து அறைக்குள் அழைத்து உட்கார வைப்பது. நின்றுகொண்டிருப்பவரின் குரல் தணிவது கஷ்டம். பிள்ளை கூட இருந்தால் பிள்ளையை வேறொரு ஆசிரியரோடு வெளியே உட்கார வையுங்கள். தன் பெற்றோர் கத்துவதையும் தன் ஆசிரியர் குனிந்து நிற்பதையும் ஒரு குழந்தை பார்க்க வேண்டியதில்லை.

*இதற்கு முன் யாரும் அவரைக் கேட்கவில்லை.* மிக எளிய காரணம், மிகப் பரவலான காரணமும் இதுதான். இரண்டு முறை போன் செய்திருப்பார், "சொல்கிறோம்" என்று வைத்திருப்பார்கள். "முதலிலிருந்து சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்" என்று பேனாவை எடுங்கள். எழுதும் வேகத்துக்கு அவர் பேச்சின் வேகம் தானாகக் குறையும். நடுவில் திருத்தாதீர்கள், தேதியைத் தவறாகச் சொன்னாலும்கூட. முடித்ததும் எழுதியதை வாசித்துக் காட்டி, "விட்டுப்போனது ஏதாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். பாதிப் பேர் இங்கேயே சாதாரணக் குரலுக்கு வந்துவிடுவார்கள்.

*அவருக்குத் தெரிந்தது பாதிக் கதை.* பிள்ளை சொன்னது, அல்லது வாட்ஸ்அப் குழுவில் இன்னொரு பெற்றோர் சொன்னது. "உங்கள் பிள்ளை பொய் சொல்கிறான்" என்ற பொருள் வரும் எதையும் சொல்லாதீர்கள். "அவன் பார்த்ததை அவன் சொல்லியிருக்கிறான். அங்கே இருந்த மற்றவர்கள் பார்த்ததையும் கேட்டுவிட்டு நாளை மூன்று மணிக்கு உங்களை அழைக்கிறேன்." பிறகு மூன்று மணிக்கு அழைக்க வேண்டும். புதிதாகச் சொல்ல எதுவும் இல்லையென்றாலும் "இன்னும் ஒருவரைக் கேட்க வேண்டியிருக்கிறது" என்று சொல்வதற்காகவாவது. தவறிய அந்த ஒரு அழைப்புதான் அடுத்த கத்தலை உண்டாக்குகிறது.

*தவறு பள்ளியினுடையது.* ஆசிரியர் பிள்ளையை அவமானப்படுத்தியது உண்மை என்று தெரிந்தால் "அவர் நல்ல நோக்கத்தில்தான்" என்று ஆரம்பிக்காதீர்கள். நடந்ததைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளுங்கள்: "வகுப்பு முன்னால் அவனுடைய மதிப்பெண்ணை வாசித்தது தவறு. அதற்கு வருந்துகிறேன். இனி அப்படி நடக்காமல் இருக்க இதைச் செய்யப்போகிறோம்." "உங்கள் மனம் புண்பட்டிருந்தால்" என்ற மன்னிப்பு, மன்னிப்பே கேட்காததைவிட மோசம். அது தவறை அவருடைய மனதின்மேல் வைக்கிறது. இதைப் பெற்றோரிடம் சொல்வதற்கு முன் அந்த ஆசிரியரின் பக்கத்தையும் கேட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் உங்களுக்கு நாளைக்கே அறிகுறி 7 வரும்.

*உங்களால் தர முடியாததைக் கேட்கிறார்.* பெரும்பாலும் "அந்தப் பையனை என்ன செய்தீர்கள்?" என்ற கேள்வி. இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்த தண்டனையையோ அவன் வீட்டு நிலைமையையோ சொல்லக் கூடாது. "வேறொரு பெற்றோர் வந்து உங்கள் மகனைப் பற்றிக் கேட்டாலும் இதையே சொல்வேன். உங்கள் மகன் பாதுகாப்பாக இருக்க என்ன செய்திருக்கிறோம் என்பதை மட்டும் முழுதாகச் சொல்கிறேன்." இதைச் சொல்லும் குரலில் கண்டிப்பு தேவையில்லை.

*அடிக்க வருகிறார், மிரட்டுகிறார், வசைபாடுகிறார்.* ஒரு முறை எச்சரியுங்கள்: "இந்தக் குரலில் தொடர முடியாது. தொடர்ந்தால் இன்றைய சந்திப்பை முடித்துவிடுவேன்." அடுத்த முறை எழுந்து கதவைத் திறந்துவிடுங்கள். வாசல் பக்கம் இருக்கும் நாற்காலி எப்போதும் உங்களுடையதாக இருக்கட்டும். கை ஓங்கினாலோ கொலை மிரட்டல் விட்டாலோ காவல்துறையை அழைப்பதில் தயக்கம் வேண்டாம். அடுத்த சந்திப்பு துணையோடுதான்.

அறிகுறி 6: இரண்டு ஆசிரியர்கள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை

இருவரையும் நேரே ஒரே அறையில் உட்கார வைத்து "கை கொடுங்கள்" என்று சொல்வதுதான் நாம் முதலில் செய்யும் தவறு. தனித்தனியாகக் கேளுங்கள். இருவரிடமும் ஒரே கேள்விகள்: எதனால் வேலை நிற்கிறது, அடுத்தவரிடமிருந்து உங்களுக்குத் தேவையான ஒன்று என்ன. பெரும்பாலும் அது ஒரு சின்ன நிர்வாகக் குழப்பமாக இருக்கும், ஆய்வகச் சாவி யாரிடம், தேர்வுத்தாள் யார் தயாரிப்பது என்பது போல. அதற்கான முடிவு உங்கள் கையில்தான் இருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள். மீதி தானாக ஆறும், ஆறாவிட்டாலும் வேலை நடக்கும். அவர்கள் நண்பர்களாக வேண்டும் என்று வற்புறுத்த நமக்கு உரிமை இல்லை.

ஒருவர் மற்றவரைத் துன்புறுத்துகிறார் என்ற வாசனை வந்தால் சமரசம் பேசாதீர்கள். பாதிக்கப்பட்டவரைத் துன்புறுத்தியவரின் எதிரில் உட்கார வைப்பது இரண்டாவது துன்பம். முறையான புகார் வழிக்குப் போங்கள்.

அறிகுறி 7: அறைக்குள் பேசியது வெளியே பரவிவிட்டது

நீங்கள் ஒருவரிடமாவது சொன்னீர்களா என்று முதலில் பாருங்கள். உதவித் தலைமை ஆசிரியரிடம் சாதாரணமாகச் சொன்ன ஒரு வாக்கியம்கூடப் போதும். சொல்லியிருந்தால் சம்பந்தப்பட்டவரிடம் நீங்களே போய் ஒப்புக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லவில்லையென்றால் பெரும்பாலும் அவரே சொல்லியிருப்பார். அது அவருடைய உரிமை, யார் சொன்னது என்று விசாரணை நடத்தாதீர்கள். அவர் சொன்ன கதை தவறாக இருந்தாலும் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து உங்கள் பக்கத்தை விளக்காதீர்கள். "ஒருவரோடு நான் தனியாகப் பேசியதைப் பற்றி இன்னொருவரிடம் பேச மாட்டேன், உங்களோடு பேசினாலும் அப்படித்தான்" என்பது மட்டும் போதும். சில வாரங்கள் முகங்கள் இறுக்கமாக இருக்கும். இருக்கட்டும்.

அறிகுறி 8: நீங்களே குரலை உயர்த்திவிட்டீர்கள்

பசி, தூக்கம், அதற்கு முந்தைய சந்திப்பு இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். ஒரு கோபமான பெற்றோர் வெளியே போன பத்தாவது நிமிடத்தில் நான் வேறொரு ஆசிரியரைக் கூப்பிட்டிருக்கிறேன். அவருக்குக் கிடைத்தது அந்தப் பெற்றோருக்குப் போயிருக்க வேண்டிய கோபம்.

அன்றே, முடிந்தால் பள்ளி விடுவதற்கு முன், அவர் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள். "குரலை உயர்த்தியது தவறு. சொன்ன விஷயம் அப்படியே இருக்கிறது, சொன்ன விதம் தவறு." இரண்டையும் பிரித்துச் சொல்வது முக்கியம். இது மாதத்தில் இரண்டு மூன்று முறை நடக்கிறதென்றால் பழுது பேச்சில் இல்லை. உங்கள் வேலைப் பளுவைப் பற்றியோ உடல்நிலையைப் பற்றியோ ஓர் ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ பேச வேண்டிய நேரம் அது.

இங்கே நிறுத்துங்கள்: உங்கள் அறையில் தீர்க்கக் கூடாதவை

ஒரு குழந்தைக்கு யாரோ தீங்கு செய்கிறார்கள் என்ற சந்தேகம் வந்த நொடியில் நீங்கள் பேச்சை நடத்துபவர் இல்லை, தகவலைக் கொண்டுசேர்ப்பவர். குழந்தை சொல்வதைக் கேளுங்கள். "அவர்தானே செய்தார்?" என்பது போலப் பதிலை ஊட்டும் கேள்வி கேட்காதீர்கள். "அப்புறம் என்ன நடந்தது?" என்பது போதும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன் என்று சொல்லுங்கள். "நீ சொன்னது நல்லது, இது உன் தவறு இல்லை" என்று சொல்லுங்கள். குழந்தையின் வார்த்தைகளை அப்படியே, உங்கள் மொழிக்கு மாற்றாமல், நேரத்தோடு எழுதுங்கள். அன்றைக்கே குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்குத் தெரிவியுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் உங்கள் ஆசிரியராக இருந்தால் "முதலில் அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்" என்று தோன்றும். கேட்காதீர்கள். அது சாட்சியத்தைக் கெடுக்கும், குழந்தையை ஆபத்தில் தள்ளும். பள்ளியின் பெயர் கெடும் என்று யாராவது காதில் சொன்னால், அவர் யாராக இருந்தாலும், அந்தப் பேச்சையும் தேதியோடு எழுதி வையுங்கள்.

பாலியல் தொல்லைப் புகார், பணக் கையாடல், வேலையைவிட்டு நீக்கும் நடவடிக்கை ஆகியவையும் இப்படித்தான். முதல் தகவலைப் பெற்றுக்கொண்டு, உரிய குழுவுக்கோ நிர்வாகத்துக்கோ சட்ட ஆலோசகருக்கோ அனுப்புவதோடு உங்கள் பங்கு முடிகிறது.

இப்படி அனுப்பும்போது அவர்கள் முதலில் கேட்பது உங்கள் குறிப்புகளைத்தான். அதனால் சின்னப் பேச்சுக்கும் அன்றே நான்கு வரி எழுதுங்கள்: தேதி, யார் யார் இருந்தார்கள், என்ன சொல்லப்பட்டது, அடுத்துப் பார்க்கும் நாள். "திமிராகப் பதில் சொன்னார்" என்று எழுதாதீர்கள், அவர் சொன்ன வாக்கியத்தை எழுதுங்கள். அந்தக் குறிப்பை அவரே வாசிக்க நேர்ந்தாலும் "ஆமாம், இப்படித்தான் நடந்தது" என்று சொல்லும்படி இருக்க வேண்டும். அடுத்துப் பார்க்கும் நாளை நாட்காட்டியிலும் குறித்துவிடுங்கள். அந்த நாளில் நோட்டுகள் திருத்தப்பட்டிருந்தால், போய் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.